அதிர்வுமானிக்கு விரித்த துண்டு

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மேசை ஒரு நிலையில் நிற்கவில்லை. எழுத்து கோணினால் லாரி போகிறது என்று எடுத்துக்கொள்.

எங்கள் வாசலுக்கு நேரே சாலையில் வரிவரியாக அதிர்வுப் பட்டைகள் போட்டு மூன்று மாதம் ஆகிறது. வண்டி ஏறினால் தடதடவென்று சத்தம் வந்து, தூங்கும் ஓட்டுநர் விழித்துக்கொள்வாராம். அவர் விழிக்கிறாரோ இல்லையோ, நான் விழித்தது விழித்ததுதான். பகலில் கண்ணயர முடியவில்லை, பல் செட் டம்ளருக்குள் தானாகப் பேசுகிறது, சவரம் செய்யப் போய்க் கன்னத்தில் மூன்று கீறல், மனு மேல் மனு போட்டுக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒருவழியாக அளக்க ஆளை வரவழைத்தேன்.

அவர் ஜன்னலில் ஒலிமானியை மாட்டினார். கூடத்துத் தரையில் தீப்பெட்டி அளவில் அதிர்வுமானியை ஒட்டிவிட்டு, "அம்மா, ஒரு வாரம் இதை அசைக்காதீங்க, அடியில எதுவும் வைக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். உன் அக்காவும் தலையாட்டினாள். ஏழாம் நாள் அவளே கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டு வாசலிலேயே அவரிடம் கொடுத்தாள்.

நேற்று அறிக்கை வந்தது. இந்த வீட்டில் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை, பட்டைகள் நீடிக்கலாமாம்! விசாரித்ததில், அவர் தெருமுனை தாண்டுமுன்பே கருவியைப் பெயர்த்து, நாலாக மடித்த துண்டின்மேல் வைத்திருக்கிறாள். தூசி படாமல் கூடை வேறு கவிழ்த்திருந்ததால் நான் கவனிக்கவில்லை. ஒலிமானிக்குக் கம்பளிக் குல்லா. நான் குல்லா காய்கிறது என்று நினைத்துவிட்டேன். கேட்டால், "தரை ஜில்லுனு இருந்துச்சுங்க. பாவம், புதுசா வந்த பொருளு" என்கிறாள். ரேடியோவுக்கும் டெலிபோனுக்கும் துணி விரிக்கிறவளிடம் என்னத்தைச் சொல்ல?

நீ சாலைத் துறையில் இருக்கிறாய். மறுபடி அளக்கச் சொல். பட்டைகள் போகாவிட்டால் நான் போய்விடுவேன், உன் வீட்டுக்கு.

உன் மனைவிக்கு ஆசிகளும் குழந்தைகளுக்கு முத்தங்களும்.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். "தெரிஞ்சேதான் துண்டு போட்டேன். இந்த முழங்காலோட ரோட்டைத் தாண்ட அரை மணி நேரம் நிப்பேன். உங்களைக் கூப்பிட்டா, பேப்பர் முடிச்சிட்டு வரேம்பீங்க. இப்ப எல்லா வண்டியும் மெதுவா வருது, நான் பாட்டுக்குக் கடைக்குப் போயிட்டு வரேன். அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. பின்தெருவிலும் இதே மாதிரி பட்டை போடுவார்களா என்று விசாரி. தையல் வகுப்புக்கு அவள் அந்தப் பக்கமாகத்தான் போகிறாள்.