மேஜரின் இடது பூட்ஸும் என் காளான் இடமும்

சில்குடே கிராமம்,
6 அக்டோபர் 2002.

அன்புத் தங்கை தாங்குவோலேவுக்கு அண்ணன் ஸிக்மாஸ் எழுதுவது.

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். இங்கே நானும் பசுவும் ஒன்பது பெட்டித் தேனீக்களும் சுகம். வில்னியஸில் நீயும் உன் கோபமும் சுகம் என்பதை உன் மூன்று வரிக் கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

முதல் வரியில், என் பிள்ளை வேலைக்கு உலை வைத்துவிட்டாய் என்கிறாய். இரண்டாவது வரியில், வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன்னால் படைத்தலைவருக்கு உண்மையை எழுதிப் போடு என்கிறாய். மூன்றாவது வரியில், எழுதாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் உனக்குத் தட்டு கிடையாது என்கிறாய். செத்தவர்களுக்கே ஒரு தட்டு வைக்கிற மேஜை அது. உயிரோடு இருக்கிறவனுக்கு இல்லையா? போகட்டும். என் மேல் தவறில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

நேட்டோ கூட்டணியில் நம் நாடு சேர வேண்டும் என்று இந்த ஊரில் முதலில் சொன்னவன் நான். நான்காம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன், பழைய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படித்தேனே, எதற்கு? வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கத்தான். ஆகவே, இருபத்திரண்டு பேரோடு உன் மகன் வைதோதாஸ் என் வேலிப் படலுக்கு முன் வந்து நின்றபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. லெப்டினன்ட் உடுப்பில் நம் பிள்ளை, பக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த மேஜர் ஹோல்கர், பின்னால் வெளிநாட்டு அதிகாரிகள் நாலு பேர். நம் சிப்பாய்கள் காட்டைக் கடந்து ரெண்டு மணி நேரத்தில் ஏரிக்குப் போகிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்கள் நல்லபடி எழுதினால்தான் நவம்பரில் பிராக் நகரத்திலிருந்து நமக்கு அழைப்பு வரும். வைதோதாஸ் கையில் இருந்ததோ மாஸ்கோவில் போட்ட பழைய வரைபடம். எதிரி குழம்பட்டும் என்று பாதைகளை வேண்டுமென்றே நகர்த்திப் போட்டது. அதனால் என்னைக் கேட்டான்.

"மாமா, ஏரிக்கு வலது பக்கப் பாதைதானே?"

வலது பக்கம்தான். ஆனால் மூன்று நாள் மழை பெய்து முந்தின நாள்தான் வெயில் அடித்திருந்தது. இந்த மண்ணில் பிறந்த உனக்கு அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாதையில் ஓடையைத் தாண்டினால் என் இடம். குதிரைத் தலை அளவுக்குப் பழுப்புத் தொப்பிக் காளான், ஒன்றுகூடப் புழு இல்லாமல். செத்துப்போன என் பெண்டாட்டிக்கே அந்த இடத்தை நான் காட்டியதில்லை. அப்போதுதான் மேஜர் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி தொங்குவதைப் பார்த்தேன்.

"அது என்னடா?"

"நடந்த வழி முழுக்க இதுல பதிஞ்சிடும் மாமா. அப்புறம் கூட்டணி நாடு எல்லாம் பாத்துக்கலாம்."

"எத்தனை நாடு?"

"பத்தொம்பது."

பத்தொன்பது நாடு, தாங்குவோலே! என் கைதான் தானாக இடது பக்கம் நீண்டது.

இடது பக்கம் சதுப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அரை மணியில் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இவர்கள் சிப்பாய்கள், திரும்பத் தெரியாதவர்கள். மேஜரின் இடது பூட்ஸைச் சேறு விழுங்கிவிட்டது. அங்கே சிவப்புப் பழம் பறித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களைப் பார்த்ததும் வைதோதாஸ் வழி கேட்டிருக்கிறான். இத்தனை பேர் காட்டில் வழி கேட்டால் காளானுக்கு வந்தவர்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஒருத்தி கிழக்கே காட்டினாள், இன்னொருத்தி வந்த வழியையே காட்டினாள். மூன்றாமவள், பக்கத்து ஊர் வெரோனிகா, மரத்தில் சாய்ந்துகொண்டே, "இங்க காடே இல்லையே தம்பி"ன்னு சொல்லியிருக்கா! அவள் பெயரைப் படைத்தலைவரிடம் யாராவது சொன்னார்களா?

ஐந்து மணி நேரம் கழித்து எல்லாரும் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். மேஜருக்கு என் கம்பளிக் காலுறையும் தேன் மதுவும் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னமோ சொன்னார். அகராதியை எடுப்பதற்குள் பையன் சொன்னான்: "இந்த ஊரை எந்தப் படையாலும் பிடிக்க முடியாதுங்கிறாரு மாமா." பார்த்தாயா? இதைவிட நற்சான்று என்ன வேண்டும்? படைத்தலைவருக்குத்தான் புரியவில்லை. சொந்த மாவட்டத்தில் வழி தெரியாதவன் என்று பையனைக் குற்றம் சாட்டுகிறார். அவனும், பிழை என்னுடையது என்று சொல்லி வாயை மூடிக்கொண்டானாம். யாரு சொல்லச் சொன்னா?

நாற்பத்தெட்டில், காட்டில் ஒளிந்திருந்த நம் பெரியண்ணன் யோனாஸைத் தேடித் துப்பாக்கியோடு வந்த ரஷ்யச் சிப்பாய்கள் இதே படலில் நின்றுதான் வழி கேட்டார்கள். உனக்கு அப்போ நாலு வயசு. அப்பா காட்டினதும் இதே இடது பக்கம்தான். அன்றைக்கு வீரம், இன்றைக்குக் குற்றமா? நான் எழுதித் தர மாட்டேன். எழுதினால் ஏன் மாற்றிச் சொன்னாய் என்பார்கள். அங்கே என்ன இருக்கிறது என்பார்கள். ஒரு குமாஸ்தா அதைப் பத்துப் பிரதி எடுப்பான். அதற்குப் பதில் உன் விருந்தில் தட்டில்லாமலே நான் பட்டினியாக உட்கார்ந்துவிடுவேன்.

உனக்கும் உன் வீட்டுக்கும் கன்னி மரியாளின் காவல் என்றும் இருக்கட்டும். உன் முழங்கால் வலி குறையட்டும், பிடிவாதமும் குறையட்டும்.

இப்படிக்கு,
தவறேதும் செய்யாத உன் அண்ணன்,
ஸிக்மாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மறுபடி படித்துப் பார்த்தேன். அப்பா வழி மாற்றிக் காட்டியது எதிரிக்கு, மகனைக் காப்பாற்ற. நான் காட்டியது நண்பர்களுக்கு, காளானைக் காப்பாற்ற. இந்த இடம் கொஞ்சம் இடிக்கிறது. ஆகவே என் இடத்துக்கு வழியை என் கையாலேயே வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணையில் பையன் காட்டட்டும்.

இன்னொன்று: அந்தப் படத்தை நம்பி யாரும் நடக்க வேண்டாம். மூன்று தடவை வரைந்தேன், மூன்று தடவையும் ஓடைக்கு முன்னாலேயே கை இடது பக்கம் திரும்பிவிட்டது. அதனால் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன். அவன் சரியாகத்தான் கேட்டான், நான்தான் பொய் சொன்னேன் என்று படைத்தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். மேஜரின் பூட்ஸைத் தோண்டி எடுத்துவிட்டேன், அதையும் கொண்டுவருகிறேன். கூடவே உன் கிறிஸ்துமஸ் மேஜைக்கு ரெண்டு சரம் உலர்ந்த காளான். எங்கே பறித்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் மறுபடியும் இடது பக்கம்தான் காட்டுவேன்.