மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

பொய் சொல்லத் தெரியாதவன் கோபப்படக் கூடாது. எனக்குக் கோபம் வந்தால், யாரும் கேட்காத உண்மையெல்லாம் வாயிலிருந்து வந்து விழும். அப்படி விழுந்த ஒரு வார்த்தையால் ஒரு வேலையே போனது.

அப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன் சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேன். (யார் கேட்டது?) முதலியார்பேட்டையில் தெரிந்த கடைக்காரர், "எங்கிட்ட வாங்கு தம்பி, எதுனா ஆச்சுன்னா மாத்தித் தரேன்" என்றார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! பாகங்களை ஆன்லைனில் வாங்கி நானே பூட்டுவதாகக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை மதர்போர்டு வந்தது. சேதம் இருந்தால் மறுநாளே மாற்றித் தர, பெட்டியைப் பிரிக்கும் வீடியோ வேண்டும் என்பது விற்றவனின் சட்டம். நான் போனைப் பிடிக்க, அம்மா பிரித்தாள். எங்கள் வீட்டில் மிக்ஸியானாலும் மொபெட்டானாலும் பொட்டு வைக்காமல் தொடக்கூடாது.

"ராகுகாலம் வரப்போவுதுடா, வச்சிடட்டா?"

"வைம்மா. நல்லா பெருசா வை, வீடியோல தெரியணும்!"

ஓரமாக மூன்று பொட்டு வைத்தாள். பிறகு நான் பிராசஸர் உட்காரும் இடத்தின் பிளாஸ்டிக் மூடியை எடுத்தேன். உள்ளே பொடி ஊசிகளெல்லாம் மிதிபட்ட கோரை மாதிரி சாய்ந்து கிடந்தன. அம்மாவின் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. உடனே வீடியோவை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "பொருளின் மீது திரவம் பூசப்பட்டுள்ளது. மாற்றித் தர இயலாது."

போன் போட்டேன்.

"திரவம் இல்லம்மா, சந்தனம்!"

"சந்தனத்துல தண்ணி கலந்திருப்பீங்கல்ல சார்?" என்றது ஒரு தேன் குரல்.

"தண்ணியா? சாமி காரியத்துக்கு நாங்க தண்ணி ஊத்த மாட்டோம். சுத்தமான பன்னீர்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"பன்னீர்... நோட் பண்ணிக்கிட்டேன். ரொம்ப நன்றி சார்."

அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. உடைந்ததை விற்றவன் யோக்கியன், பொட்டு வைத்தவள் குற்றவாளி! (நான் அவன் தரப்புச் சாட்சி.)

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு முதலியார்பேட்டைக்கு ஓடினேன். அதே போர்டு சென்னையிலிருந்து வரப் புதன்கிழமை ஆகும் என்றார் கடைக்காரர். திங்கட்கிழமை அந்த வேலை வேறு ஒருவனுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை நான் சேதராப்பட்டுக்கே போய் மேனேஜர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அம்மா மட்டும், "என் கையாலதான்டா கெட்டுச்சு" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போனதைக் கூட விட்டுவிடலாம், இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்று வருடம் கழித்து என் மாப்பிள்ளை அழைப்பு. பெண்ணின் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு என் நெற்றியை நோக்கி வந்தார். என் அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சம்பந்தி, ஒரு தடவ நல்லா பாத்துக்குங்க. பொட்டு வச்சிட்டா அப்பறம் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

முதலில் சிரித்தது அம்மாதான். இப்போதும் என்னோடு சண்டை வந்தால் என் மனைவி தன் அப்பாவுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்:

"ஏம்பா, அன்னிக்கு மூடியத் தொறந்து பாக்காமயா பொட்டு வச்ச?"