பரிமளம் வீட்டுக் காற்றுக் குழாய்

ஒரு காட்டில், ஒன்றிய அலுவலகமும் இரண்டு ஹார்டுவேர் கடைகளும் வந்த பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், பரிமளம் என்ற புனுகுப்பூனை குடியிருந்தது. வாசனைதான் அந்தக் குலத்தின் பெருமை. பரிமளத்தின் மகளைப் பெண் பார்க்க மேற்கு மலையிலிருந்து பெரிய இடத்துக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் வீட்டில் மூன்று குளியலறைகளாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பரிமளத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் வீட்டில் இருந்த ஒரே குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தது.

குழாய்த் திட்டம் வரைய குழலி என்ற பெருச்சாளியைக் கூப்பிட்டார்கள். குழலி பாலிடெக்னிக்கில் வடிகால் பிரிவில் முதல் மாணவி. ஏழு தலைமுறையாகச் சாக்கடையில் இருக்கிற குடும்பம், அதற்கு இதெல்லாம் தானாக வரும் என்று உடன் படித்த முயல்கள் சொல்லிக்கொண்டன. அந்த முயல்கள் அரியர் வைத்திருந்தன. குழலிக்கு இதுதான் முதல் வேலை. இது நல்லபடியாக முடிந்தால் ஒன்றியம் உரிமம் கொடுக்கும். முடியாவிட்டால் மறுபடியும் சாக்கடைக்குள்தான் போக வேண்டும்.

"பின்பக்கமா வாம்மா. தப்பா எடுத்துக்காத, முன்னாடி இப்பத்தான் கழுவி விட்டிருக்கோம்" என்றது பரிமளம்.

குழலி பின்பக்கமாகப் போய் வரைபடத்தை விரித்தது. "இதுல கழிவுத் தண்ணி போகும்மா. இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். அதுதான் நாத்தம் மேல வராம மூடி மாதிரி தடுக்கும். அப்புறம் இந்தக் குழாய் கூரைக்கு மேல போகும்."

"அதுல என்ன போகும்?"

"காத்து."

மாயாண்டி மேஸ்திரி என்ற குரங்கு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. டீ மூக்கில் ஏறிவிட்டது. "காத்துக்குக் குழாயா! இருபது வருஷமா கட்டறேன் பாப்பா. இதுவரைக்கும் எந்தக் காத்தும் எங்கிட்ட வந்து வழி கேட்டதில்ல."

"எண்ணெய் டின்ல ஒரே ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமா அண்ணே? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடறோம்ல? அது காத்துக்குத்தான். காத்து வர வழியில்லன்னா, தண்ணி இறங்குற வேகத்துல வளைவுல நிக்கிற தண்ணியையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் நாத்தம் நேரா கூடத்துக்கு வரும்."

"எங்க வீட்ல டின் வாங்கறதில்ல. பாக்கெட்தான்" என்றது பரிமளம். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

ஆனாலும் குழலி விடவில்லை. ஒன்றியம் அனுமதித்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது என்று நினைத்து, அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது. அங்கே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லிதான் அதிகாரி. அது ஒரு தடவை 'ச்சு' கொட்டினால் அனுமதி. இரண்டு தடவை கொட்டினால் நாளைக்கு வர வேண்டும். நான்காவது நாள் பல்லி படிவத்தைப் படித்தது. 'குழாயில் செல்லும் பொருள்' என்ற கட்டத்தில் குழலி 'காற்று' என்று எழுதியிருந்தது.

"காத்து பொருள் கிடையாது. பொருள் இல்லாத குழாய் குழாயே கிடையாது. பிளான்ல அந்தக் குழாயை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடு."

"சார், அது இல்லன்னா நாறும் சார்."

"நாத்தத்துக்குத் தனிப் படிவம் இருக்கு. நாறினப்புறம் கொண்டா."

குழலிக்கு உரிமம் வேண்டியிருந்தது. அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. பல்லி ஒரே ஒரு 'ச்சு' கொட்டியது.

குளியலறை பளபளவென்று எழுந்தது. சுவரெல்லாம் நீல டைல்ஸ், அதில் டால்பின் படம். சம்பந்தி வீட்டார் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று பரிமளம் அதைப் பூட்டி வைத்தது. பெண் பார்க்கும் நாளும் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று குழலியைக் கொல்லையில் உட்கார வைத்திருந்தார்கள்.

சொஜ்ஜி பரிமாறிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா குளியலறைக்குள் போய் ஃப்ளஷ்ஷை அழுத்தியது. குழாய் 'களக் களக்' என்று இரண்டு தடவை விக்கியது. வளைவில் நின்ற தண்ணீரும் கூடவே இறங்கிவிட்டது. காட்டின் மொத்தச் சாக்கடையும் எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தது போல ஒரு நாற்றம் பரவியது.

பரிமளம் கொல்லைக்கு ஓடி வந்தது. "அடி பாவி! என் பொண்ணு வாழ்க்கைய நாசம் பண்ணிட்டியே! உன்ன ஒன்றியத்துல சொல்லி..."

அதற்குள் கூடத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. "சம்பந்தி, இது என்ன வாசனை?"

பரிமளம் திட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியது.

உள்ளே சம்பந்தியம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. "அசல் புனுகு! எத்தனை தலைமுறைச் சேமிப்போ! எங்க வீட்லயும்தான் மூணு பாத்ரூம் இருக்கு, வெறும் சோப்பு வாசனை. குலம்னா இப்படில்ல மணக்கணும்!" அதன் கண்ணில் நீர் வழிந்தது. பக்தியால் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாப்பிள்ளை மயங்கிச் சாய்ந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டது என்று தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

"எல்லாம் நம்ம குழலி போட்ட பிளான்" என்றது பரிமளம், குழலியின் தோளில் கை போட்டபடி.

ஒரு வாரத்துக்குள் காட்டில் கௌரவமுள்ள குடும்பங்களுக்கெல்லாம் அதே மாதிரி குளியலறை வேண்டியிருந்தது. முதலில் மாயாண்டி மேஸ்திரியிடம்தான் போனார்கள். அது நான்கு வீடுகளுக்குக் கட்டியது. மூன்றில் எங்கோ ஜாயின்ட் சரியாக ஒட்டாமல் காற்று புகுந்துவிட்டது. நாற்றம் துளிகூட இல்லை. வீட்டுக்காரர்கள் கல்லெறிய, மாயாண்டி மரத்துக்கு மரம் தாவியது. படித்த ஆளிடம் போயிருக்க வேண்டும் என்று காடே பேசிக்கொண்டது. பல்லி தானாகவே குழலிக்கு உரிமம் அனுப்பி வைத்தது.

அடுத்த நாள் காலையில் குழலியின் அலுவலகத்துக்கு ஒரு மான் தயங்கித் தயங்கி வந்தது. "எங்க வீட்ல நாத்தமே இல்லங்க. சொந்தக்காரங்க முகத்துல முழிக்க முடியல."

குழலி அளவு நாடாவை எடுத்தது. "கவலைப்படாதீங்க. எவ்வளவு வேணும்? கூடம் வரைக்கும் போதுமா, தெரு முனை வரைக்குமா?"

நீதி: தப்பு செய்வதற்கும் படிப்பு வேண்டும். படிக்காதவர் செய்தால் சில சமயம் சரியாகிவிடும்.