நான் செத்துப்போன மத்தியானம்

மாமனார் வீட்டில் புத்திசாலி என்று பேரெடுக்க ஆசைப்படும் மாப்பிள்ளையைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. எழுபதுகளின் நடுவில் நான் வில்லியனூரில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமாகி ஒரு வருஷம். கையெழுத்து அழகாக இருப்பவனுக்கு மூளையும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

மாமனார் சோரியாங்குப்பத்தில் கரும்பும் நெல்லும் பயிர் வைத்தவர். மறதி வந்து, பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி தனத்தைப் பார்த்து, "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?" என்று மரியாதையாக விசாரிப்பார். அவள் சிரித்தபடி பதில் சொல்லிவிட்டு, திரும்பும் பஸ் முழுக்க அழுவாள். "ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லிட்டார்னா போதுங்க" என்பாள்.

பழகிய பொருளைக் கையில் கொடுத்தால் பழைய நினைவு வரும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். (சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்காக நம்பாமல் இருக்க முடியுமா?) பாக்குவெட்டியைக் கொடுத்தேன், விரல் படாமல் சீராக நறுக்கினார். கரும்பு வெட்டும் கத்தியைக் கொடுத்தேன். தடவிப் பார்த்து, "சாண புடிக்கணும்" என்றார். வீடே என்னை டாக்டரைப் போலப் பார்த்தது. அந்த மயக்கத்தில்தான் பரணில் ஏறினேன்.

அங்கே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கனத்த கம்பளிக் கோட்டு. மாமனார் இளமையில் போட்டதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாமியாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (மாப்பிள்ளை போய்க் கேட்பதா? கௌரவம் என்ன ஆவது?) கையில் கொடுப்பதைவிடப் போட்டுக்காட்டினால் பலன் அதிகம் என்று, சித்திரை மாத உச்சி வேளையில், கழுத்துவரை பித்தானைப் பூட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

மாமனார் பாக்கு நறுக்குவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாண்ணா, காலு தரையில பாவுதா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"நாந்தான் மாமா, உங்க மாப்ள."

"உன்ன வைக்கோல்ல கட்டிக் கொளுத்திட்டமேண்ணா." கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "காரியமும் முடிஞ்சிபோச்சி. திரும்ப வூட்டுக்குள்ள வரப்படாது. தோட்டத்துக்கு வா, சோறு வைக்கிறேன்."

எட்டிப்பார்த்த மாமியார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னார். அது மாமனாருடைய அண்ணன் கப்பலேறியபோது போட்டிருந்த கோட்டு. சைகோனுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் போனவர் திரும்பவில்லை. பெட்டி மட்டும் கப்பலில் வந்தது. உடம்பு கிடைக்காததால் வைக்கோல் பொம்மை செய்து எரித்துக் கருமாதி முடித்திருக்கிறார்கள். கொள்ளி வைத்தவர் மாமனார்.

அவர் என்னைத் தொடாமல் முன்னால் நடந்தார். கொல்லையில் இலை போட்டு, என்னைத் தெற்குப் பார்த்து உட்காரவைத்து, சோற்றை உருண்டையாக வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டார். ஒரு காக்கை இறங்கி வந்தது. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாகவே அது மதிக்கவில்லை. என் இலையிலேயே கொத்தியது.

"எடுத்துக்கினாரு" என்று மாமனார் கண்ணைத் துடைத்தார். எனக்கு மூச்சு வருகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குளத்திலிருந்து குடத்தோடு வந்த தனம் என் கோலத்தைப் பார்த்துப் பதறி என்னை நோக்கி ஓடிவந்தாள்.

"தனம்! கிட்ட போவாத!" மாமனார் கத்தினார். "பெரியப்பா செத்தவரு. ஆசையில உன்னயும் கூட்டிக்கினு பூடுவாரு. அப்பாகிட்ட வா தனம்!"

குடம் விழுந்தது. அவர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். விட்டால் போதும் என்று நான் பித்தானைக் கழற்றப் போனேன்.

"கழட்டாதீங்க!" என்று அலறினாள். "உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். இன்னும் கொஞ்ச நேரம் செத்தவராவே இருங்க!"

இருந்தேன். பொழுது சாயும்வரை இருந்தேன். அவர் மகள் கையை விடாமல், அவளுக்கு அம்மை போட்ட கதை, அவள் மாட்டுக்குப் பயந்து வரப்பில் விழுந்த கதை எல்லாம் சொன்னார். நடுநடுவே என்னைப் பார்த்து, "இன்னும் போவலியாண்ணா?" என்று பயத்தோடு கேட்டார். போக எனக்கும் ஆசைதான்.

கோட்டைக் கழற்றியபோது உடம்பெல்லாம் வேர்க்குரு. அவருக்கு மகள் மறுபடி யாரோ ஆகிவிட்டாள். ஆனால் அன்று பஸ்ஸில் தனம் அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே பரணில் ஏறிக் கோட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். மாமனார் போய்ச்சேரும்வரை நான் வாரம் தவறாமல் செத்தேன்.

எனக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், "பெரியப்பாவுக்கு இலைய உள்ள போடறதா, தோட்டத்துலயா?" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். வீடே சிரிக்கும். தனம் மட்டும் சிரிக்க மாட்டாள். முதல் கரண்டிச் சோற்றை என் தட்டில் போட்டுவிட்டு, "உள்ளயே உக்காருங்க" என்பாள்.