திரைக்கு முன்னால் நின்றவன்

அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது; வாழ்நாளிலேயே நான் சொந்தமாக எடுத்த மூன்றாவது முடிவு இது. முதலிரண்டைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மேசையின் தலைப்பக்கம் எழுந்து நின்று, தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தி அறிவித்தேன்: "இன்று முதல் இந்த வீட்டின் சனிக்கிழமை மாலைகள் இலக்கியத்துக்கே அர்ப்பணம்!"

என் மனைவி பூருல் நிமிரவில்லை. "உக்காந்து சொல்லுங்க. தேநீர் மேசை விரிப்புல சிந்துது" என்றாள்.

உட்கார்ந்து சொன்னேன்.

எங்கள் மலையூர் நாரினில் ஜனவரி என்றால் குளிரில் கார்க் கதவும் திறக்காது, மனிதர் வாயும் திறக்காது. நான் மட்டும் விதிவிலக்கு. கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து, வாழ்த்துச் சொல்லி, ஆட்களைச் சிரிக்கவைத்து விருந்தை நடத்தித் தருவது என் தொழில். தமாதா என்பார்கள். வெளியே தமாதா. வீட்டில் தமாஷ். பூருல் மருந்துக்கடையில் இருக்கிறாள். மாத்திரை கொடுப்பது போலத்தான் பேசுவாள். அளவாக, சாப்பிட்ட பிறகு.

பிரச்சினை எங்கள் மகள் அக்மாரல். பதினைந்து வயது. தலைநகரில் உள்ள சிறப்புப் பள்ளியில் சேர மார்ச் கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஆறு பழம்பெரும் நாவல்களைப் பற்றிக் கேட்பார்கள். ஆறும் ஜன்னல் மேடையில் அடுக்கியிருந்தன. அவற்றால் வீட்டுக்கு இதுவரை கிடைத்த ஒரே பலன், ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று வராதது. கேட்டால், "அப்பா, இதுல நாப்பது பக்கமா மழை பெய்யுது. இன்னும் ஒரு ஆள்கூட வரல" என்பாள். பிறகு கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு ஒரு மாதம் இருக்கும்.

அந்த வாரம் பூருல் தன் தங்கையிடம் போனில் பேசியது தற்செயலாக என் காதில் விழுந்தது. "ஆறு நாவலும் படமா வந்திருக்குடி. ஆனா எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாதுன்னு பொறுப்பா உக்காந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணுமே. இந்த வீட்ல யாரு இருக்கா?"

யாரு இருக்காவா? அதனால்தான் எழுந்து நின்றேன்.

"சரி, யார் தேர்ந்தெடுக்கப்போறது?" என்றாள் பூருல்.

"நான்தான்."

"நீங்க அந்த நாவல்களைப் படிச்சிருக்கீங்களா?"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நா உண்டு. நாவல் கிடையாது. விருந்துகளில் 'அந்த மாபெரும் எழுத்தாளர் சொன்னதுபோல' என்று நான் ஆரம்பிப்பதெல்லாம் பூருல் சாப்பிடும்போது சொன்னவை.

"பொதுவா... படிச்ச மாதிரிதான்" என்றேன்.

"சரி" என்றாள்.

அவள் 'ஏன்' என்றால் தப்பித்துவிடலாம். 'வேண்டாம்' என்றால் கெஞ்சலாம். 'சரி' என்றால்தான் ஆபத்து. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

தேர்ந்தெடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று யார் கண்டார்கள்? ஒரே நாவலை மூன்று பேர் படமாக்கி வைத்திருந்தார்கள். தபால் அதிகாரி மனைவியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, பன்னிரண்டு பகுதித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று, போன வருடத்து வண்ணப்படம் ஒன்று. பகல் முழுக்க நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். குறிப்பு எடுத்தேன். கொள்கையும் வகுத்தேன்: யுத்தம் வரலாம், முத்தம் வரக் கூடாது.

பூருல் என் நோட்டைப் புரட்டினாள். "இது என்னங்க, ஏழு, மூணு, பதினொண்ணு?"

"முத்தம். படத்துக்கு எத்தனைன்னு எண்ணியிருக்கேன்."

"பதினெட்டு வருஷத்துல நீங்க எண்ணினதே இப்பதான்."

"நான் ஒரு தகப்பனாப் பேசறேன்!"

"தெரியுது. புருஷனா இருந்தா எண்ண வேண்டிய வேலையே இல்லையே."

முதல் சனிக்கிழமை. வண்ணப்படத்தைப் போட்டேன். ஒரு தட்டு நிறைய பூர்சோக் மாவுருண்டைகள் பொரித்து வைத்திருந்தாள் பூருல். அக்மாரல் சோபாவின் மூலையில், முகத்தில் சிறைத்தண்டனையோடு இருந்தாள். இருபதாவது நிமிடம் தபால் அதிகாரியின் மனைவி குதிரை லாயத்துக்குள் போனாள். எனக்குத் தெரியும், உள்ளே எவன் இருக்கிறான் என்று. எழுந்தேன். திரைக்கு முன்னால் நின்றேன். கடவுள் எனக்கு அகலத்தை இந்தக் காரியத்துக்காகவே கொடுத்திருக்கிறார்.

"அப்பா! தள்ளுங்க!"

"திரைச்சீலை கோணலா இருக்கு. சரி பண்றேன்."

"பத்து நிமிஷமாவா?"

"ரொம்பக் கோணல்மா."

அடுத்த கட்டத்தில் அவளைத் தேநீர் கொண்டுவர அனுப்பினேன். அதற்கடுத்த கட்டத்துக்கும் தேநீர். அன்று ஒன்பது கிண்ணம் குடித்தேன். கடைசி அரைமணி நேரம் சோகம் அதிகம் என்று பூருலே என் காதருகே சொன்னாள்: "பிள்ளை மனசு தாங்காது. நிறுத்திடுங்க." நிறுத்திவிட்டேன்.

"அப்பா! அவ ரயில்ல ஏறினாளா இல்லையா?"

"அதெல்லாம் உன் வயசுக்கு வேண்டாம்."

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள். பூருல் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. "உங்களை மாதிரி பொறுப்பான அப்பாவை நான் பார்த்ததில்லைங்க" என்றாள். நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது. அடுக்கில் ஒரு புத்தகத்தைக் காணவில்லை. அக்மாரல் கட்டிலில் குப்புறப் படுத்து, அதன் முந்நூறாவது பக்கத்தில் இருந்தாள். கூப்பிட்டேன். காதில் விழவில்லை.

"பார்த்தியா பூருல்! படம் காட்டினேன், பிள்ளை புத்தகத்துக்கே போயிட்டா!"

"ஆமாங்க. எல்லாம் உங்க கைராசி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதம் மூன்று கல்யாணங்களில் இதையே வாழ்த்துரையாகச் சொன்னேன். மணமக்களுக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே வளர்ப்பு முறை சொல்லிக்கொடுத்த தமாதா நான் ஒருவன்தான். இரண்டாவது படம், இரண்டு சகோதரர்களும் ஒரு மாவு மில்லும். பூருலின் ஆலோசனைப்படி கொலையை மறைத்தேன், கடிதத்தை மறைத்தேன், அப்பா யார் என்று தெரியும் இடத்தில் மின்சுவிட்சையே அணைத்தேன். மூன்றாவது படத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். புத்தகங்கள் ஒவ்வொன்றாக ஜன்னலை விட்டுப் போயின. நாங்கள் இடுக்கில் பழைய துணி திணித்தோம்.

நான்காவது சனிக்கிழமைதான் கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அது ஆறில் இன்னொரு நாவலின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். தேர்ந்தெடுத்தது பூருல். "இதையும் ஒருதடவை பார்த்திடலாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள். முன்கூட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை. அன்று பகலில் ஒரு விருந்து. மலைக்குமேல் வாழும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, அவளைத் தேடி ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வரும் நில அளவைக்காரன். அவ்வளவுதான் கதை. பேச்சே குறைவு. அவள் ரொட்டி வெட்டுவதைக் காட்டுகிறார்கள். அவன் வாசலில் காலணிப் பனியைத் தட்டுவதைக் காட்டுகிறார்கள். எந்த நடிகையப்பா அது, ஒரு கத்தியைக் கீழே வைப்பதிலேயே பத்து வருடக் காத்திருப்பைச் சொல்லிவிட்டாள்! முத்தமும் வந்தது என்றே நினைக்கிறேன். நான் எழவில்லை. எழ வேண்டும் என்பதே நினைவில்லை.

முடிந்து பார்த்தால் என் தோளில் அக்மாரலின் தலை சாய்ந்திருந்தது. கைப்பேசி எங்கோ கிடந்தது.

"அப்பா, அழறீங்களா?"

"பூர்சோக் புரையேறிடுச்சு."

"நீங்க பூர்சோக்கைத் தொடவே இல்ல."

பூருல் எங்கள் மேல் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டுப் போனாள். இலையுதிர் காலத்தில் இந்தப் பெண் தலைநகருக்குப் போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. தேர்வில் தோற்றுவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரே ஒரு நிமிடம். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மீதி இரண்டு படங்களிலும் பழையபடி கடமையைச் செய்தேன்.

மார்ச் கடைசியில் தாயும் மகளும் கணவாய் தாண்டித் தலைநகர் போய் வந்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. தேறிவிட்டாள்! அதுவும் மூன்றாவது இடம். அன்றே ஓர் ஆட்டை வெட்டினோம். பூருலின் அண்ணன் குடும்பம், என் தம்பி குடும்பம், மாடிவீட்டார் எல்லோரும் வந்தார்கள். நான் கிண்ணத்தை உயர்த்தினேன். இருபத்தைந்து நிமிடம் பேசினேன். என் முறை, என் தேர்வு, என் கண்டிப்பு. இறைச்சி ஆறியது.

"மகளே, நீயே சொல்லு" என்று முடித்தேன். "தேர்வுல என்ன கேட்டாங்க?"

அக்மாரல் எழுந்தாள். பேச்சில் என் ரத்தம் அவள். "ஒவ்வொரு நாவல்லயும் உன்னால மறக்க முடியாத இடம் எதுன்னு கேட்டாங்க. நான் குதிரை லாயத்துல ஆரம்பிச்சு, ரயில், மில், கொலை, கடிதம்னு பக்கம் பக்கமாச் சொன்னேன். கேள்வி கேட்ட அம்மா அசந்து போயிட்டாங்க. 'எப்படிம்மா சரியா முக்கியமான இடமாவே ஞாபகம் வச்சிருக்கே?'ன்னாங்க. 'அதெல்லாம் எங்கப்பா டிவிக்கு முன்னாடி எழுந்து நின்ன இடங்கள்'னேன்."

மைத்துனர் வாயிலிருந்த தேநீர் மேசையெங்கும் பறந்தது.

"அப்பா மறைக்கறப்பல்லாம் நம்ம அம்மா புத்தகத்தோட பக்க எண்ணை என் காதுல சொல்லிடுவாங்க. முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே அந்தப் பக்கம் புரியும்? அதனால முதல்லேருந்து படிச்சேன். மழையையும் சேர்த்துத்தான்."

"ஆறையுமா?" என்றேன்.

"அஞ்சு. அந்த ஆசிரியை கதையைப் படிக்கல. அதுலதான் எனக்கு மார்க் குறைஞ்சது. இல்லேன்னா முதலிடம். நீங்க அன்னைக்கு எழுந்து நிக்கவே இல்லையேப்பா."

வீடே சிரித்தது. என் தம்பி தரையில் உருண்டான். நான் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. கோபப்படலாமா என்று யோசித்தேன். எப்படிப் படுவது? பூருல் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை ஐந்து தலையணை நாவல்கள் படிக்கவைத்திருக்கிறாள். ஒரு அதட்டல் இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. என்னைப்போல் ஒரு ஆளை வைத்துக்கொண்டு. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டதுதான், யோசித்துப் பார்த்தால், என்னுடைய இரண்டாவது சொந்த முடிவு. அதுவும் சொந்தம்தானா என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் பூருல், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் என் தட்டில் நல்ல எலும்புத் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க படத்தை ஒழுங்காக் காட்டியிருப்பீங்க. பிள்ளை ஃபெயிலாகியிருக்கும்."