கரடி தலையில் ஏறிய பானை

ஒரு காட்டில், புலிக்கும் மானுக்கும் ஒரே வரிசைதான் என்று சட்டம் வந்து, மான்கள் மட்டும் வரிசைக்கு வராமல் இருந்த காலத்தில், வேம்பாயி என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தாள்.

அவளுக்குக் களிமண் என்றால் உயிர். ஓடைக்கரை மண்ணைக் குழைத்துச் சக்கரத்தில் சுற்றி, தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிப் பானைக் கழுத்தில் கோலம் போடுவாள். பானைகள் கொஞ்சம் கோணல். வைத்தால் சாயும். அவளுக்கு அத்தனையும் பிள்ளைகள்.

வளை முழுக்கப் பானை நிறைந்துவிட்டதால், அவள் கணவன் ஏகாம்பரம் தலையை உள்ளேயும் உடம்பை வெளியேயும் வைத்துத் தூங்கினான். ஐப்பசி மழையில் மூன்று நாள் நனைந்தான். நாலாம் நாள் தும்மிக்கொண்டே சொன்னான்:

"வேம்பாயி, ஒண்ணு இதையெல்லாம் வித்துடு. இல்லேன்னா நானே உடைச்சிடுவேன்."

உடைப்பதா! அவள் முள்ளெல்லாம் சிலிர்த்தது. விற்பதென்றால் வீட்டுத்தொழிலாகப் பதிவு செய்ய வேண்டும்; மறுநாளே அலுவலகத்துக்குக் கிளம்பினாள். வரிசையில் முன்னால் நத்தை நின்றதால் அவள் முறை வரச் சாயங்காலமாகிவிட்டது.

"கதவு எண்?" என்று கேட்டார் அதிகாரி ஆமை.

"வளைக்கு ஏதுங்கய்யா கதவு?"

"கதவில்லாத வீட்டில் எப்படிம்மா வீட்டுத்தொழில்? என்னைப் பார், நானும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன்" என்று தன் ஓட்டைத் தட்டிக் காட்டினார். பிறகு மனமிரங்கி, "தரச்சான்று வாங்கிக்கொண்டு வா. கதவை மறந்துவிடுகிறேன்" என்றார்.

தரம் பார்க்க வந்தவர் ஆய்வாளர் சடையப்பன், ஒரு கரடி. வேம்பாயி ஒரு பெரிய பானையை எடுத்து வைத்தாள். ஒழுகாது என்று காட்ட அதில் தேனை ஊற்றியிருந்தாள். தண்ணீர் ஊற்றினால் ஒழுகும் என்பது அவளுக்குத் தெரியும்.

"உள்பக்கம் பார்க்கணும்" என்று ஆய்வாளர் தலையை விட்டார். வெகுநேரம் பார்த்தார். நக்கி நக்கிப் பார்த்தார். அப்புறம் தலையை எடுக்கப் பார்த்தார், வரவில்லை.

"கல்லைப் போட்டு உடைச்சிடலாம்" என்றான் ஏகாம்பரம்.

வேம்பாயி குறுக்கே வந்து நின்றாள். அவள் செய்ததிலேயே சாயாமல் நின்ற ஒரே பானை அது. ஆனாலும் ஆய்வாளர் மூச்சு முட்டிச் செத்துப்போனால்? கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தூக்கினாள்.

"பொறு!"

பானைக்குள்ளிருந்து வந்த குரல் இடி இடித்தது போலிருந்தது. வெளியே வேடிக்கை பார்த்த குரங்குகள் குப்புற விழுந்து கும்பிட்டன. இருபது வருடப் பணியில் சடையப்பனை யாரும் கும்பிட்டதில்லை.

"என்ன அது, விழுந்த சத்தம்?"

"குரங்குங்க, உங்களைக் கும்பிடுதுங்கய்யா."

"அப்படியா? பானை இருக்கட்டும்" என்றார் ஆய்வாளர். தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார். பாதி சான்றிதழிலும் பாதி ஏகாம்பரத்தின் வயிற்றிலும் விழுந்தது.

"ஆய்வாளரே மாட்டியிருக்கார்னா சும்மாவா?" என்று காடு பேசியது. விடிந்ததும் வளை வாசலில் கூட்டம். நரி மட்டும் சந்தேகமாக, "ஒழுகுமா?" என்று கேட்டது.

"தலைக்குத்தானே வாங்குறீங்கண்ணே? உங்க தலை என்ன ஒழுகுமா?" என்றாள் வேம்பாயி.

நரி வெட்கப்பட்டு இரண்டாக வாங்கிக்கொண்டது.

ஒரே வாரத்தில் காடே பானை மாட்டிக்கொண்டது. கண் தெரியாமல் ஒருவரோடொருவர் மோதினார்கள். மோதினால் பானை உடைந்தது. உடைந்ததும் கண் தெரிந்தது. கண் தெரிந்ததும் நேராக வேம்பாயி வளைக்கு ஓடிவந்து புதிது வாங்கினார்கள்.

முதல் வாரம் எங்கோ பானை உடையும் சத்தம் கேட்டால் வேம்பாயி அழுதாள். இரண்டாம் வாரம், சத்தம் கேட்டதும் மண்ணை எடுத்துச் சக்கரத்தில் வைத்தாள். மூன்றாம் வாரம் ஒருநாள் மதியம் வரை ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏகாம்பரத்தின் தலையில் ஒரு பானையை மாட்டி, வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

"ஏங்க, சந்தைப் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வாங்க. கூட்டமான இடமாப் பார்த்து, வேகமா."

நீதி: கெட்டியான பொருள் ஒருமுறைதான் விலைபோகும், கண்ணை மறைக்கும் பொருள் தினமும் விலைபோகும்.