ராம்பிரசாத் ரயில் பார்த்த வரலாறு

மனித குலம் குடும்பத்தைக் கண்டுபிடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் அதை எப்படி நடத்துவது என்று கண்டுபிடித்தவர் புனேயின் பாணேர் பகுதிவாசியான ராம்பிரசாத்தான். அவருடைய கம்பெனியே இதை ஒப்புக்கொண்டு, 'வேலையும் குடும்பமும்: ஒரு சமநிலை' என்ற இணையவழிக் கூட்டத்தில் பேச அவரை அழைத்திருந்தது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. வேலை நாளில் வைத்தால் வேலை கெட்டுவிடும் அல்லவா?

அதே காலையில் எட்டு வயது மகள் பானுவைக் குட்டி ரயில் காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதாகவும் வாக்கு. பலமுறை தள்ளிப்போன வாக்கு. சாதாரணத் தகப்பன் கையைப் பிசைந்திருப்பான். ராம்பிரசாத்தோ காட்சியக வாசலில் நின்றபடியே போனில் பேசுவதென்று தீர்மானித்தார். பின்னணிக்குப் பின்னணியும் ஆயிற்று, பாசத்துக்குப் பாசமும் ஆயிற்று.

உள்ளே பெரிய மேசையின் மேல் ஓர் ஊரே இருந்தது. ஸ்டேஷன், சுரங்கம், சிக்னல், சர்க்கஸ் கூடாரம்கூட உண்டு. ஒவ்வொரு காட்சியிலும் முதல் ரயிலை ஓட்டும் சுவிட்சைப் போட ஒரு குழந்தையைக் கூப்பிடுவார்கள். அன்று வழிகாட்டி பானுவைக் கூப்பிட்டார்.

பானு வாசலுக்கு ஓடினாள். "அப்பா, நான்தான் சுவிட்ச் போடப் போறேன்! வாங்க!"

ராம்பிரசாத் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த விரலின் மாட்சிமையை அவர் வீடே அறியும். 'ஒரு நிமிஷம்' என்று பொருள். எந்த நிமிஷம் என்பதுதான் யாருக்கும் தெரிந்ததில்லை.

"என்னங்க, உங்களுக்காகத்தான் நிக்கறா," என்றாள் மனைவி பார்கவி.

"குடும்பத்தப் பத்தித்தான பேசிட்டிருக்கேன், பார்கவி!"

வழிகாட்டி கொஞ்சம் பொறுத்தார். "பேட்டா, பப்பா ஆயேங்கே க்யா?" என்று, அப்பா வருவாரா என இந்தியில் கேட்டார். பானு வாசலைப் பார்த்தாள். அப்புறம் சுவிட்சைப் போட்டாள்.

வாசலில் ராம்பிரசாத், மகளின் சின்னஞ்சிறு சந்தோஷங்களில்கூடத் தாம் பக்கத்தில் இருப்பதாக ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தை நடத்திய ராஜஸ்ரீ மேடம் உருகிப்போய், மகளைக் காட்டச் சொன்னார்.

ராம்பிரசாத் உள்ளே பாய்ந்தார். மேசை ஊரில் அப்போது 'இரவு'. அறை விளக்குகளை அணைத்திருந்தார்கள்; குட்டி ஜன்னல்கள் மட்டும் மினுங்கின.

"லைட் ஆன் கரோ!" என்று விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினார்.

"அஹோ, ஷாந்த் பஸா!" என்று சத்தம் போடாமல் உட்காரச் சொல்லி நாலாபுறமும் மராத்தியில் சீறினார்கள்.

ஒருவழியாகக் காட்சி முடிந்து விளக்கு வந்தது. போன் பானுவின் முகத்துக்கு நேராக நீண்டது. "ஹாய் சொல்லு, கண்ணு."

"அப்பா, நான் விட்ட ரயில் என்ன கலர்?"

ராஜஸ்ரீ மேடத்துக்குத் தமிழ் தெரியாது. குழந்தை என்ன சொல்கிறாள் என்று ஆவலாகக் கேட்டார்.

ராம்பிரசாத் கண நேரமும் தயங்கவில்லை. "அப்பாதான் என் ஹீரோ என்கிறாள்," என்று மொழிபெயர்த்தார். திரையில் இதயங்கள் மழையாகப் பொழிந்தன. பார்கவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீடு திரும்பும்போது, காரில் ராம்பிரசாத் நற்செய்தியை அறிவித்தார். பேச்சு அபார வெற்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை இதே தலைப்பில் முழுநாள் பயிற்சி நடத்த வேண்டுமாம். ஆன்லைன்தான்.

பார்கவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின் சீட்டிலிருந்து பானு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கும் அந்த லிங்க் அனுப்பச் சொல்லும்மா. அந்த அப்பாவ நான் பாத்ததே இல்ல."